வாலில் நான் போட்ட நாலு தையல்

தம்பி,

இதைப் பிரிக்கும்போது நிவேதா பக்கத்தில் இருந்தால் மறைக்காதே. அவளும் படிக்கட்டும். மாமியார் எப்படிப்பட்டவள் என்று தாலி ஏறும் முன்பே தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லது. இதை உன்னிடம் நேரில் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். முதல் முறை குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது முறை உனக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. மூன்றாவது முறை குறுக்கே எதுவும் வரவில்லை, எனக்குத்தான் தைரியம் வரவில்லை. எழுத்தில் என்றால் உன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்த முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது, பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலை உன்னிடம் நீட்டினேன் அல்லவா? அதில் தணிகா பெயரை எழுதியது நான்தான். நீ அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "இவன் எதுக்கும்மா? நம்பி வேலையைக் குடுத்தா கவுத்துட்டுப் போனவன்" என்றாய். நான் ஒன்றும் பேசாமல் பட்டியலை மடித்து வைத்துக்கொண்டேன். ஏழு வருஷமாக நான் செய்துவருவது அதுதான். தணிகா உன்னைக் கவிழ்க்கவில்லை தம்பி. உங்கள் விமானத்தை விழவைத்தது நான். இதை முதலிலேயே எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் மற்றதையெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நிவேதாவுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததாக இருந்தாலும் பொறுத்துக்கொள். நீ மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அப்பா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குப் பதிலாகத் தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த வேலையில் தையலில் ஆரம்பித்து, கூடாரத் துணி செக்கிங் வரைக்கும் வந்திருந்தேன். நீயும் உன்னோடு படித்த தணிகாவும் நம் ஆவடி குவார்ட்டர்ஸ் ஹாலையே பட்டறை ஆக்கிவிட்டீர்கள். ரேடியோவில் ஓட்டும் விமானம். இறக்கை ஃபிரிட்ஜ்மேல் சாய்ந்திருக்கும், பசை டப்பா சாம்பார்ப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். பட்டாபிராமிலிருந்து அவன் காலையில் முதல் ஆளாக வந்துவிடுவான். காலேஜ் விமான டீமுக்கு நீங்கள் இரண்டு பேரும் தேர்வாக வேண்டும், அதற்கு அந்த விமானத்தை உங்கள் சார் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த டீமில் இருக்கிற பையன்களை டிரோன் கம்பெனிக்காரர்கள் காலேஜுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று நீ சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

வால் பொருத்திய அன்றைக்கு நான் உங்களோடு இருந்தேன். என் இஞ்ச் டேப்பைக் கேட்டு வாங்கினீர்கள். மூக்கில் ஒரு குண்டூசி குத்தி, அதில் நூல் கட்டி, அந்த நூலை வாலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தீர்கள். இரண்டு பக்கமும் ஒரே நீளம் வரும்வரை விடவில்லை. பிறகு தணிகா தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வால் இறக்கைக்கு நேராக இருக்கிறதா என்று பின்னாலிருந்து பார்த்தான். "ஒரு நூல் அளவு கோணலா கீது மச்சான்" என்றான். நீ சலித்துக்கொண்டாய். அவன் கேட்கவில்லை, பசை காய்வதற்குள் பிடுங்கி மறுபடி ஒட்டினான். சோம்பேறி செய்கிற வேலையா அது? அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்தது. ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை.

வாலுக்குப் பின்னால் மேலும் கீழும் ஆடுகிற பலகை இருக்கிறதே, எலிவேட்டர் என்பீர்களே, அதற்குக் கீல் வேண்டும். வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் கீல் இரண்டு உடைந்துவிட்டது. பழைய காலத்துக்காரர்கள் நூலாலேயே தைத்துக் கீல் போடுவார்கள் என்று தணிகா எங்கோ பார்த்து வைத்திருந்தான். "ஆண்ட்டி கீறப்ப நாம எதுக்கு கவலைப்படணும்" என்று சொல்லிக்கொண்டே என்னிடம் வந்தான். மெழுகு போட்ட பச்சை நூலைக் கொடுத்தது நான். ஊசி கொடுத்தது நான். எட்டு எழுதுகிற மாதிரி, வாலின் மேலே ஏறி, நடுவில் இறங்கி, பலகையின் கீழே போய் வரவேண்டும் என்று படம் வரைந்து காட்டியது அவன். அவனே உட்கார்ந்து எட்டு இடத்தில் தைத்தான். தைத்த பிறகு பலகையை விரலால் தட்டினான், அது லொடலொடவென்று ஆடியது. அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

தையலில் தளர்வைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எங்கள் செக்கிங் மேஜையில் தையலுக்குள் நகம் நுழைந்தால் அது ரிஜெக்ட். நுழைத்துப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். கூடாரம் மழையில் கிழிந்தால் யாரோ ஒரு பட்டாளத்துப் பையன் நனைவான் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். உங்கள் வாலில் என் நகம் மட்டுமில்லை, விரல் முனையே நுழைந்தது. இது ஆகாயத்தில் கழன்று விழுந்தால் என் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்றுதான் எனக்கு ஓடியது. அது ஆடவேண்டிய தையல், ஆடாத தையல் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சின்னப் பையனிடம் போய்த் தையலைப் பற்றிக் கேட்பதா என்று கௌரவம் பார்த்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை, நீங்கள் இருவரும் காலேஜுக்குப் போய்விட்டீர்கள். காலைச் சமையலை முடித்துவிட்டு ஊசியை எடுத்தேன். அவன் தைத்த இடங்களுக்கு நடுவில் இழுத்துப் பிடித்து நாலு தையல் போட்டேன். தொழிற்சாலையில் முடிச்சு அவிழாமல் இருக்க ஒரு சொட்டுப் பசை வைப்போம். அதேபோல உங்கள் பசையில் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சொட்டு வைத்தேன். அது தண்ணீர் மாதிரி இருந்தது, வைத்ததும் உள்ளே ஓடிவிட்டது. பலகையை அசைத்துப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் அசைந்தது. கெட்டியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டேன். மேலே வெள்ளை டேப் ஒட்டித் தையலையெல்லாம் மூடினேன். சாயங்காலம் நீ வந்து பார்த்து, "டேப் ஒட்டினியாம்மா? சூப்பரா இருக்கு" என்றாய். ஆமாம் என்றேன். டேப்பைத்தானே கேட்டாய், டேப்புக்கு மட்டும் பதில் சொன்னேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாருக்கு ஓட்டிக் காட்ட வேப்பம்பட்டு தாண்டி அந்தக் காய்ந்த ஏரிக்குப் போனோம். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு நானும் வந்தேன், வராமல் இருந்திருக்கலாம். ஒரு ஓரமாகப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் சார் வந்து வண்டியை நிறுத்துவதற்குள் ரேடியோவை ஆன் செய்து எல்லாவற்றையும் ஒரு முறை ஆட்டிப் பார்த்தீர்கள். வால் பலகை மேலே போனது, கீழே வந்தது, ஆனால் மெதுவாக. உள்ளே இருக்கிற மோட்டார், சர்வோ என்பீர்களே, கொசு கத்துவதுபோல ஒரு சத்தம் போட்டது. நீ கவனிக்கவில்லை. தணிகா உடனே குனிந்து காதை வைத்தான்.

"சர்வோ கத்திகினு கீது மச்சான். இறுக்கமா கீது. டேப்ப கயட்டிட்டு ஒரு தபா பாத்துடலாமா?"

"புது சர்வோடா, அப்படித்தான் இருக்கும். சார் வந்துட்டாரு. இப்பப் போய் பிரிச்சுப் போட்டா நம்மள பத்தி என்ன நினைப்பாரு?"

"பத்து நிமிசம்தான் மச்சான்."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு. விடுடா."

நான் ஐந்தடி தள்ளி சாதக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். இறுக்கம் என்று அவன் சொன்ன அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே வரிதான் சொல்ல வேண்டியிருந்தது: "தம்பி, நான் நேத்து அதுல தையல் போட்டேன், பிரிச்சுப் பாருங்க." சார் முன்னால் நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று யோசித்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று யோசித்தேன். அசைகிறதே, அசைந்தால் போதாதா என்று யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அது ஓடி மேலே ஏறிவிட்டது.

மேலே போன அழகை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு சுற்று நல்லபடியாக வந்தது. நான் வேண்டாத தெய்வம் இல்லை. இரண்டாவது சுற்றில் கிரிக்கெட் பையன்கள் பக்கம் திரும்பும்போது மூக்கு குனிந்தது. நீ கையிலிருந்த ரேடியோவின் குச்சியைப் பின்னால் இழுத்தாய், இழுத்துக்கொண்டே இருந்தாய், அது நிமிரவில்லை. "தூக்கு, தூக்கு" என்று சார் கத்தினார். தணிகா கத்தவில்லை, அந்தப் பையன்களை நோக்கி ஓடினான், கையை ஆட்டிக்கொண்டே ஓடினான். ஸ்டம்புக்குப் பத்தடி இந்தப் பக்கம் அது தரையில் குத்தியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எங்கிருந்து எழுதியிருப்பேனோ தெரியாது. கீப்பராக நின்ற பையன் பயத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் முகம் இன்னும் எனக்கு அடிக்கடி வருகிறது.

சார் குனிந்து வால் பக்கத்தைப் புரட்டினார். மோட்டாரிலிருந்து பலகைக்குப் போகிற கம்பி கழன்று தொங்கியது. "இந்த ராடு யார் மாட்டினது?" என்றார். நீ அவனைப் பார்த்தாய். பிறகு, "தணிகா சார்" என்றாய். அவன் வாயைத் திறக்கும் முன் நான் திறந்தேன். "ஆமா சார், அவன்தான் மாட்டினான். நான் பார்த்தேன்." அது பொய் இல்லை தம்பி. கம்பியை மாட்டியது அவன்தான். உண்மையைச் சொல்லியே ஒருவனைக் கவிழ்க்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இறுகிப்போன பலகையோடு மல்லுக்கட்டி மோட்டார் பல் உடைந்தது, விழுந்த வேகத்தில் கம்பி கழன்றது. இதையெல்லாம் பின்னால் நீ படித்த புத்தகங்களை எடுத்துப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டேன். அங்கே நின்றபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பழி என் பக்கம் வரக்கூடாது.

அவனை டீமில் எடுக்கவில்லை. அடுத்த மாதம் புது விமானத்தோடு உன்னை எடுத்தார்கள். அவன் வீட்டுக்கு வருவதை நீயே நிறுத்திவிட்டாய். "பொறுப்பில்லாதவன்மா" என்று நீ சொன்னபோதெல்லாம் நான் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன், கை நிற்கவில்லை. டீமிலிருந்து உன்னை டிரோன் கம்பெனிக்கு எடுத்தார்கள், இன்றைக்குச் சென்னீர்குப்பத்தில் ஃபிளாட் வாங்கும் அளவுக்கு நிற்கிறாய். அவன் பட்டாபிராம் ஸ்டேஷன் எதிரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடை நன்றாகவே ஓடுகிறது, அவனைப் பாவம் என்று நான் எழுதினால் அவனுக்கே பிடிக்காது. ஆனால் அந்த டீமில் அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நான் நாலு தையல் போட்டு அவனை வெளியே தள்ளினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஏழு வருஷம் தாங்கியது, அவ்வளவு கெட்டியாகத் தைத்திருக்கிறேன்.

நீ பெயரை அடித்துவிட்டுப் போன பிறகு மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஆவடியில் ரயிலேறிப் பட்டாபிராமில் இறங்கினேன். கடையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, திரும்பிவிடலாம் என்று பிளாட்பாரம்வரை வந்துவிட்டேன். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து மறுபடி போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க ஆண்ட்டி. இன்னா இவ்ளோ தூரம்? ஊட்டுக்கு வந்துருக்கலாமே, அம்மா கீறாங்க."

உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, உனக்கு இப்போது எழுதியதை எல்லாம் அவனிடம் சொன்னேன். தையல், பசை, டேப், அங்கே நான் வாய் திறக்காதது, திறந்தபோது சொன்னது. அவன் கையிலிருந்த போனைக் கீழே வைக்காமல், தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். முடித்துவிட்டு, கத்தப் போகிறான், கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

"தெரியும் ஆண்ட்டி" என்றான்.

விழுந்த விமானத்தின் துண்டுகளை அன்றைக்கு ஒரு கோணிப்பையில் அள்ளிக்கொண்டு போனது அவன்தான். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குப் போய் டேப்பை உரித்துப் பார்த்திருக்கிறான். "நான் போட்டது எட்டு. எண்ணிப் பாத்தா பன்னெண்டு கீது. நாலு மட்டும் மிஷின்ல போட்ட மாதிரி அவ்ளோ நீட்டா கீது. ஆவடியில அப்டி தைக்கிறவங்க எனக்கு ஒருத்தரத்தான் தெரியும்" என்று சொல்லி லேசாகச் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரிஞ்சும் ஏம்ப்பா அவன்கிட்ட சொல்லல? சார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

கையிலிருந்த போனை அப்போதுதான் கீழே வைத்தான். பிறகு சொன்னான், "சொல்லணும்னுதான் ஆண்ட்டி கெளம்புனேன். டேஷனாண்ட வந்து நின்னேன். அவன் கோவம் எனக்குத் தெரியும். சொன்னா உங்ககூட பேசறத நிறுத்திடுவான். எனக்கு ஊட்ல அம்மா, அப்பா, அக்கா, எல்லாரும் கீறாங்க. அவனுக்கு கீறது நீங்க ஒருத்தர்தான். அதான் திரும்பிட்டேன்."

இருபது வயதுப் பையன் தம்பி. உன்னைப் பெற்றவளான எனக்கு வராத யோசனை அந்த வயதில் அவனுக்கு வந்திருக்கிறது. நான் பழி வராமல் இருக்க வாயை மூடினேன். அவன் பழியை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கிறான். கிட்டே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை. கிளம்பும்போது, "கல்யாண நேரம், அவன்கிட்ட இப்போ எதுவும் சொல்லாதீங்க ஆண்ட்டி. அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு முறை அவன் செலவில் நான் நல்லவளாக இருக்க முடியாது.

அம்மா என்றால் கடிதத்தில் புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் இரண்டு சொல்கிறேன். பக்கத்தில் நிற்கிறவன் "ஒரு தபா பாத்துடலாமா" என்றால், யார் காத்திருந்தாலும் சரி, பிரித்துப் பார். சர்வோ கத்துகிறது என்று அவன் சொன்னான், நீ கேட்கவில்லை. தப்பு என்னுடையது, ஆனால் அந்தப் பத்து நிமிஷம் உன்னுடையது. அதை நீதான் அவனிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று, உங்கள் ஃபிளாட்டுக்கு நான் வந்து நிவேதா மடித்து வைத்த துணியை மறுபடி மடிப்பதையோ, அவள் வைத்த குழம்பில் கேட்காமல் உப்புப் போடுவதையோ பார்த்தால், அங்கேயே என்னை நிறுத்து. நல்லதுக்குத்தான் என்று நான் சொல்வேன், அன்றைக்கும் நல்லதுக்குத்தான் ஊசியை எடுத்தேன். நிவேதா, நீ படித்துக்கொண்டிருந்தால், நீயே சொல்லிவிடு அம்மா. அவன் தயங்குவான்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், கல்யாணம் என்பதற்காக அடக்கிக்கொள்ளாதே. என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே. மேடையில் அம்மா இடத்தில் நான் நிற்க வேண்டுமா என்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல், நிற்பதும் நிற்காததும் நீ சொல்கிறபடி. அதற்குப் பயந்துதான் ஏழு வருஷம் ஓட்டினேன், பயந்து பயந்து அலுத்துவிட்டது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பத்திரிகை வைத்திருக்கிறேன். மேலே பெயர் எழுதவில்லை, உன் கையால் எழுது. சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடுவான். என்னைக் கூப்பிடாதே, நீ மட்டும் போ. முதலில் அவனிடம் போ, என்னிடம் சண்டை போடுவதை அப்புறம் வைத்துக்கொள். பட்டாபிராமிலிருந்து சென்னீர்குப்பம் போக ஆவடி வழியாகத்தான் நீ வண்டியை விடவேண்டும். குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்புவதா, நேரே போய்விடுவதா என்பதை வழியில் யோசித்துக்கொள். நான் உன்னையும் அவனையும் சேர்த்து மூன்று பேருக்குச் சமைத்து வைத்திருப்பேன். யாரும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டு உனக்குப் போன் செய்ய மாட்டேன்.

அம்மா